நாங்கள் எந்தக் கடலைக் கடந்தோம்?

நான் படகேறி வந்தவள் இல்லை. 1990-இல் இலங்கையின் மன்னார்க் கரையில் என் அம்மா படகேறியபோது நான் அவர் வயிற்றில் இருந்தேன். பிறந்தது இக்கரையில், மண்டபம் ஊரில். வளர்ந்தது பெரம்பலூர் துறைமங்கலம் அகதி முகாமில். படித்தது இந்த ஊர் அரசுப் பள்ளியில். வாழ்க்கைப்பட்டதும் இதே முகாமில்தான். என் இரண்டு பிள்ளைகளும் பெரம்பலூர் அரசு மருத்துவமனையில் பிறந்தார்கள். அவர்களுடைய பிறப்புச் சான்றிதழில் இருப்பது இந்த ஊரின் பெயர். இலங்கையை நானும் பார்த்ததில்லை, என் பிள்ளைகளும் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் இந்த நாட்டின் ஏட்டில் நாங்கள் ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டி நுழைந்தவர்கள். பிறந்த நாள் முதல் இந்த மண்ணை விட்டு ஒரு அடி வெளியே வைக்காத நாங்கள் எந்தக் கடலைக் கடந்தோம்? இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று, பார்க்கிற வழக்கறிஞர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்கள், தாய் தகப்பன் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியர்கள். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. செல்லத்தக்க பாஸ்போர்ட்டும் ஆவணமும் இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்த வெளிநாட்டவரைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்த முத்திரை விழுந்தவர் எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்தாலும் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற முடியாதபடி 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் கதவைச் சாத்திவிட்டது.

மண்டபத்தில் 1986-இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழும் ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று அவர் வாக்களித்தார். முகாமிலிருந்து போய் வாக்களித்த முதல் ஆள் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் முகாமில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அழுதவர்கள் உண்டு. நானும் அழுதேன். அவருக்கும் எனக்கும் நடுவே நான்கு வருடம்தான். அதே கடல், அதே போர், அதே மண்டபம். அவர் இந்தியக் குடிமகள். நான் யாரும் இல்லை.

உள்ளூர்ப் பையன்களைக் கட்டிக்கொண்டு போன முகாம் பெண்களுடைய பிள்ளைகளின் நிலைமையும் இதுதான். தகப்பன் தலைமுறை தலைமுறையாகப் பெரம்பலூர்க் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டவன். ஆனால் தாய் முகாமில் இருந்து வந்தவள் என்பதால் பிள்ளை இந்தியப் பிள்ளையா என்ற கேள்வி எழுகிறது. வயிற்றில் இருக்கும்போதே ஒரு பிள்ளையைச் சந்தேகப்படுகிற சட்டத்தை நான் என்னவென்று சொல்வது?

நுழைந்தோம் நுழைந்தோம் என்கிறார்களே, எங்கள் பெற்றோர் ஒளிந்தா நுழைந்தார்கள்? 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது முதல் படகுகள் வந்தன. 1990-இல் மறுபடி போர் மூண்டபோது என் பெற்றோர் வந்த அலை. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகளில் இறக்கிவிடப்பட்டுத் தண்ணீரில்லாமல் கிடந்தவர்களைக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கரைக்காரர்கள். மண்டபத்தில் வருவாய்த் துறை பெயர் எழுதியது. கியூ பிரிவு என்னும் உளவுப் போலீஸ் உட்கார வைத்து விசாரித்தது. குடும்ப அட்டை கொடுத்தார்கள். யார் எந்த முகாமுக்குப் போக வேண்டும் என்று அரசே முடிவு செய்து, அரசே அனுப்பி வைத்தது. உள்துறை அமைச்சகத்தின் கணக்கில் 1983 முதல் வந்தவர்கள் 3,04,269 பேர். கடைசி ஒன்பது பேரைக்கூட விடாமல் எண்ணி எழுதி வைத்திருக்கிறது அரசு. அப்படி எண்ணி எடுத்தவர்களை, அனுமதியில்லாமல் நுழைந்தவர்கள் என்று அதே அரசு இன்னொரு சட்டத்தில் சொல்கிறது.

எங்களை இங்கே கொண்டுவந்து விட்டபோது பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995-இல் தனி மாவட்டம் ஆனது. 2001-இல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருடமே திரும்பச் சேர்ந்தது, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லையை அழித்து அழித்து எழுத அரசுக்கு முடிந்தது. எங்கள் பெயருக்கு நேரே இருக்கும் ஒரு வரியை மட்டும் இத்தனை வருடமாக யாராலும் மாற்ற முடியவில்லை.

அப்பா சாகும்வரை, "சண்டை முடிஞ்சால் போயிடலாம் பிள்ளை, அங்கை காணி இருக்குது, கிணறு இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2009 மே மாதம் சண்டை முடிந்தது. எப்படி முடிந்தது என்று உலகம் அறியும். அந்தக் காணிக்குள் இப்போது யாரும் போக முடியாது என்று அங்கிருந்து வந்த உறவினர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து அப்பா ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை. அவரை எரித்தது பெரம்பலூர்ச் சுடுகாட்டில். இங்கே செத்தவருக்கும் நாடு இல்லை, இங்கே பிறந்தவருக்கும் நாடு இல்லை.

முகாம் வாழ்க்கை என்ன என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் குடும்பத்தோடு வந்து நிற்க வேண்டும். வெளியூரில் வேலைக்குப் போன ஆள் வராவிட்டால் பதிவில் கை வைப்பார்கள் என்ற பயம். இங்குள்ள ஆண்கள் பாதிப் பேர் பெயிண்ட் வேலைக்காரர்கள். என் கணவரும் அப்படித்தான். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகள் இருக்கிற ஊர்களில் சாரத்தில் தொங்கிக்கொண்டு சுவருக்கு வண்ணம் பூசுகிறவர். ராத்திரி தங்கி வேலை செய்ய வேண்டும் என்றால், வேலை எங்கே என்பதற்கு முன்னால் யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. ஏதாவது ஒரு வழக்கில் பெயர் சேர்ந்துவிட்டால் திருச்சி சிறப்பு முகாம் என்ற சொல்லே போதும், குடும்பம் நடுங்கும். அங்கே ஜாமீன் கிடைத்தவனையும் தண்டனை முடிந்தவனையும் வெளிநாட்டவர் என்று சொல்லி அடைத்து வைத்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

என் தம்பி பி.இ. படித்தான். முகாமில் பிறந்த பிள்ளை பொறியாளர் ஆகிவிட்டான் என்று அம்மா எல்லா வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தார். ஒரு நிறுவனம் அவனைத் தேர்வு செய்தது. வேலையில் சேரும்போது பாஸ்போர்ட் கேட்டது. இல்லை என்றான். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை. அரசுத் தேர்வு எழுதலாம் என்று போனான். குடியுரிமை என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிட்டது. இப்போது அவனும் என் கணவரோடு பிரஷ் பிடிக்கிறான். கணக்கும் வரைபடமும் படித்த கை. அவன் சோம்பேறியா? திறமை இல்லாதவனா? அவன் செய்த குற்றம் என்ன?

சேர்த்து வைத்த காசில் ஒரு சென்ட் நிலம் வாங்கலாம் என்றால், அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் விதிகளில் இலங்கைக் குடிமக்களின் பெயர் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி இல்லாமல் அவர்கள் இந்தியாவில் நிலம் வாங்க முடியாது. பெயிண்டர் ஒருவன் பெரம்பலூரில் குடிசை போட மும்பையில் உள்ள அந்த வங்கியிடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்பதற்குக் கையில் இலங்கைப் பாஸ்போர்ட்டும் கிடையாது. இந்தியா எங்களை இலங்கைக்காரர் என்கிறது. நீ எங்கள் ஆள்தான் என்று காட்டு என இலங்கை கேட்கிறது. காட்டுவதற்கான காகிதமெல்லாம் எரிந்த வீட்டோடு போய்விட்டது.

நன்றி கெட்டவர்கள் என்று எங்களை யாரும் சொல்லக் கூடாது. தமிழ்நாடு சோறு போட்டது, பள்ளிக்கூடத்தில் இடம் கொடுத்தது. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். இடிந்த பத்தடி அறைகளுக்குப் பதிலாக 7,469 வீடுகள் என்றார்கள். மாதப் பணம் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. முகாம்களில் 58,822 பேரும், போலீஸ் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே 34,087 பேரும் வாழ்வதாக அன்றைக்குக் கணக்குச் சொன்னார்கள். இந்த உதவி ஒவ்வொன்றையும் நாங்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். ஆனால் வீட்டைக் கட்டிக் கொடுத்த அரசால் அந்த வீட்டில் பிறக்கிற பிள்ளைக்கு நாட்டைக் கொடுக்க முடியவில்லை. அது டெல்லியின் கையில் இருக்கிறது. டெல்லியோ, எங்களுக்குச் செய்யும் உதவியெல்லாம் கடைசியில் இலங்கைக்குத் திருப்பி அனுப்பும் நோக்கத்தோடுதான் என்று உள்துறை ஆண்டறிக்கைகளில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. என்னைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் மண்டபம் மகப்பேறு வார்டுக்குத்தான் அனுப்ப முடியும்.

அனுப்பியும் பார்த்தார்கள். 1991 மே 21-இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அந்தப் பழி முகாமில் இருந்த ஒவ்வொரு கைக்குழந்தையின் மேலும் விழுந்தது. அடுத்த வருடம் ஆட்களை ஏற்றி அனுப்பத் தொடங்கினார்கள். விருப்பத்தோடு போகிறேன் என்று ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கே தெரியாது. பழ. நெடுமாறனும் மருத்துவர் ராமதாசும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதன் பிறகே ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆட்கள் வந்து உண்மையில் விருப்பம்தானா என்று கேட்கும் நிலை வந்தது. உயிருக்கு ஆபத்து உள்ள இடத்துக்கு ஒருவரை வலுக்கட்டாயமாகத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது உலகச் சட்டத்தின் அடிப்படை விதி. அந்த விதி எங்களுக்கு நீதிமன்றப் படியேறித்தான் கிடைத்தது.

இனி அந்த உலகச் சட்டத்தைப் பற்றியே பேசுகிறேன். நாங்கள் பிச்சை கேட்கவில்லை என்பது அதில்தான் இருக்கிறது.

1948-இல் ஐ.நா. சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமைக்கு உரிமை உண்டு என்று அதன் 15-ஆவது பிரிவு சொல்கிறது. பிரகடனம் யாரையும் கட்டாயப்படுத்தாது என்பார்கள். அப்படியானால் உடன்படிக்கைகளுக்கு வருவோம். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979 ஏப்ரலில் சேர்ந்தது. குடியுரிமை பெறும் உரிமை ஒவ்வொரு குழந்தைக்கும் உண்டு என்கிறது அதன் 24-ஆவது பிரிவு. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 1992 டிசம்பரில் சேர்ந்தது. அதன் 7-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது: நாடற்றுப் போகும் ஆபத்தில் உள்ள குழந்தைக்குக் குறிப்பாக இந்த உரிமையை அரசுகள் நடைமுறைப்படுத்த வேண்டும்.

இந்த உடன்படிக்கைகளில் சேரும்போது இந்தியா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. முதல் உடன்படிக்கையின், வெளிநாட்டவரை வெளியேற்றுவது பற்றிய 13-ஆவது பிரிவில் எங்கள் சட்டப்படிதான் நடப்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தது. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின், குழந்தைத் தொழிலாளர் பற்றிய 32-ஆவது பிரிவை மெல்ல மெல்லத்தான் நிறைவேற்ற முடியும் என்று எழுதிக் கொடுத்தது. குழந்தையின் குடியுரிமை பற்றிய பிரிவுகளுக்கு எந்த விலக்கும் கேட்கவில்லை. முழுதாக ஏற்றுக்கொண்டது. நம்முடைய அரசியல் சாசனத்தின் 51-ஆவது பிரிவும் பன்னாட்டுச் சட்டத்தையும் ஒப்பந்தக் கடமைகளையும் மதிக்க அரசு முயல வேண்டும் என்கிறது. உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டிப் பன்னாட்டுக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்பது நாடுகள் தங்களுக்குள் ஒப்புக்கொண்ட விதி. அப்படியிருக்க, துறைமங்கலத்தில் பிறந்த குழந்தையிடம் 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தைக் காட்டி எப்படி வாசலை மூடுகிறீர்கள்?

அந்தக் குழந்தை இலங்கைக் குடியுரிமை வாங்கிக்கொள்ளட்டுமே என்று சிலர் சொல்கிறார்கள். போக விரும்புகிறவர்கள் வாங்கட்டும்; சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது வேறு. 1955-இல் பன்னாட்டு நீதிமன்றம் நோட்டெபோம் வழக்கில், குடியுரிமை என்பது வாழ்வாலும் பற்றாலும் ஒருவருக்கும் நாட்டுக்கும் ஏற்பட்ட உண்மையான பிணைப்பின் மேல் நிற்பது என்றது. என் மகளுக்கு அந்தப் பிணைப்பு எந்த நாட்டோடு இருக்கிறது? அவள் பேசுகிற தமிழ் பெரம்பலூர்த் தமிழ். அவள் சாமி கும்பிடப் போவது சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்கு. அவள் பள்ளியில் தினமும் பாடுவது இந்த நாட்டின் தேசிய கீதம்.

1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. நாடற்றவர்கள் பற்றிய 1954, 1961 உடன்படிக்கைகளிலும் சேரவில்லை. ஆனால் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் செயற்குழுவில் 1995 முதல் உட்கார்ந்திருக்கிறது. ஐ.நா. மனித உரிமை மன்றத்துக்கு 2026 முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து உலகத்துக்கு மனித உரிமை பேசுகிறவர்கள், நாற்பது ஆண்டாக முகாமில் வைத்திருக்கும் தங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பற்றியும் பேச வேண்டும்.

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவ மக்கள் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது. மதத்தைப் பார்த்து உயிரை நிறுத்துப் பார்க்கும் அந்தச் சட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அது ஒரு உண்மையை வெளியே போட்டுவிட்டது. ஆவணமில்லாமல் வந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்க நாடாளுமன்றத்தால் முடியும். மனம் இருந்தால் ஒரே திருத்தத்தில் முடியும். எங்களுக்குத் தர முடியாது என்று இத்தனை நாள் சொன்னதெல்லாம் சட்டத்தின் இயலாமை இல்லை. எங்களை வேண்டாம் என்ற முடிவு.

எங்கள் குரலைக் கேட்ட நீதிபதிகள் இருக்கிறார்கள். 1996-இல் சக்மா அகதிகள் வழக்கில், குடிமக்கள் அல்லாதவர்களின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 ஜூனில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், முகாம்வாசிகளைக் கண்காணிப்பிலும் நாடற்ற நிலையிலும் இவ்வளவு நீண்ட காலம் வைத்திருப்பது வாழ்வுரிமையைப் பறிப்பது என்றார். 2022-இல் அவரே, திருச்சியில் பிறந்து வளர்ந்த ஓர் இளம்பெண்ணின் குடியுரிமை விண்ணப்பத்தை டெல்லிக்கு அனுப்பச் சொன்னார். ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், உலகெங்கும் இருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா தர்ம சத்திரமா என்ற கேள்வி ஒரு ஈழத்தமிழனைப் பார்த்துக் கேட்கப்பட்டது. எங்கள் முகாமில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மாண்புமிகு நீதிபதிகளே, சத்திரத்தில் தங்குகிறவனுக்குத் திரும்பிப் போக ஒரு ஊர் இருக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு இதுதான் ஊர்.

2025 செப்டம்பரில் புதிய குடியேற்றச் சட்டத்தின் கீழ் ஓர் ஆணை வந்தது. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை கிடையாது என்றது. நிம்மதிதான். சிறைக்கு அனுப்ப மாட்டோம் என்பதை ஒரு வரமாக வாங்கிக்கொள்ளும் நிலையில் நாங்கள் இருக்கிறோம். ஆனால் தண்டனை இல்லை என்று சொன்ன ஆணை, நாங்கள் யார் என்று சொல்லவில்லை.

இலங்கையை நான் விட்டுவிடவில்லை. முதல் குற்றவாளி அந்த அரசுதான். சொந்த மக்களைக் குண்டு போட்டுத் துரத்திய அரசு அது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான அதே உடன்படிக்கையில் இலங்கையும் 1980-இல் சேர்ந்தது. சொந்த நாட்டுக்குத் திரும்பும் உரிமையை யாரிடமிருந்தும் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு தமிழ்நாட்டிலிருந்து திரும்பிப் போன ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். போர்க்காலத்தில் உரிய வழியில்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம். குண்டு விழுந்த ராத்திரியில் எந்த அலுவலகம் திறந்திருந்தது, முத்திரை வாங்கிக்கொண்டு ஓட? அக்கரையில் புறப்பட்டது குற்றம். இக்கரையில் நுழைந்தது குற்றம். இரண்டு அரசுகளும் சேர்ந்து எங்களுக்கு நடுக்கடலை மட்டும்தான் மிச்சம் வைத்திருக்கின்றன.

எங்கள் வரிசையில் மலையகத்துப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவருடைய கதை இன்னும் கொடுமை. தேயிலைத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கூட்டிப் போகப்பட்ட வம்சம். 1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடி, 1990-இல் அங்கிருந்தும் ஓடி, பாட்டி தன் முன்னோர் மண்ணுக்கே வந்து சேர்ந்தார். அந்த மண் அவரை அந்நியர் என்றது. முகாம்களில் இப்படி இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். இவர்களுக்குக் குடியுரிமை கொடுப்பது கருணை இல்லை. இந்தியா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் விழுந்த கடன்.

இதே போரில் ஓடிய எங்கள் சனம் கனடாவுக்கும் போனது. 1983-இல் சிறுவனாகக் கனடா போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துக் கெரி ஆனந்தசங்கரி இன்று அந்த நாட்டின் அமைச்சர். நாட்டின் பொதுப் பாதுகாப்புத் துறையையே ஒரு அகதிப் பிள்ளையின் கையில் கொடுத்திருக்கிறார்கள். மொழி தெரியாத, குளிர் நாட்டுக்கு ஓடியவர்கள் மனிதர்கள் ஆனார்கள். தமிழ் பேசும் தாய்மடி என்று நம்பி இருபது மைல் தள்ளி ஓடிவந்த நாங்கள் செக்கிங் வரிசையில் நிற்கிறோம்.

என் கணவர் வேலைக்குப் போகும் அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. 2025 ஜூலை 27 அன்று பிரதமர் அங்கே ஆடித் திருவாதிரை விழாவுக்கு வந்து ராசேந்திர சோழனுக்கு நாணயம் வெளியிட்டார். கடல் கடந்து ஈழம் வரை போன அரசனின் தலைநகரம் அது. இந்த மண்ணுக்கும் அந்தத் தீவுக்கும் ஆயிரம் வருட உறவு உண்டு என்று நாட்டின் பிரதமரே வந்து கொண்டாடியது எனக்குச் சந்தோஷம்தான். அந்த உறவு நாணயத்தில் மட்டும் இருந்தால் எங்களுக்கு என்ன பயன்? அதைச் சட்டத்தில் எழுதுங்கள்.

இந்திய அரசே, பதிவு செய்யப்பட்ட இலங்கைத் தமிழ் அகதிகள் சட்டவிரோதக் குடியேறிகள் அல்ல என்று நாடாளுமன்றத்தில் ஒரு திருத்தம் கொண்டு வா. இங்கே பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் குடியுரிமை கொடு. தன் ஊருக்குத் திரும்ப விரும்புகிறவர்கள் கைதாகாமல் போய்ச் சேர இலங்கையோடு பேசி எழுத்தில் உறுதி வாங்கு. இலங்கை அரசே, ஓடியதற்கு வழக்குப் போடுவதை நிறுத்து. காணியையும் காகிதத்தையும் திருப்பிக் கொடு. தமிழ்நாட்டு அரசே, எங்கள் குடியுரிமை விண்ணப்பங்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் வாங்கி டெல்லிக்கு அனுப்பு. முகாம்தோறும் வழக்கறிஞர்களை உட்கார வை.

பெரம்பலூர், அரியலூர் மக்களே, உங்கள் பிள்ளைகளோடு எங்கள் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவருக்கு நாங்கள் வெள்ளையடித்திருக்கிறோம். உங்கள் கையில் வாக்கு இருக்கிறது, எங்கள் கையில் இல்லை. அடுத்த முறை வாக்குக் கேட்டு உங்கள் தெருவுக்கு வருகிறவரிடம், துறைமங்கலம் முகாமில் பிறந்த பிள்ளைக்கு நீ என்ன செய்யப் போகிறாய் என்று எங்களுக்காக ஒரே ஒரு முறை கேளுங்கள்.

ஒரு மண்ணில் பிறந்து அந்த மண்ணிலேயே வளர்ந்த குழந்தைக்கு நாடு கிடையாது என்று சொல்வது குற்றம். அந்தக் குற்றத்தைச் செய்தது குழந்தை இல்லை.